இரவில் கட்டடங்களை எடுத்தால் விளக்குகள் வெளுத்து, வானம் கறுத்துப் போகிறது. நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரைப் பல விநாடி திறந்து வைத்து, சரியாக எடுப்பது எப்படி?

இருட்டும் வரை காத்திருக்காதீர்கள், சாயங்காலமே போய் நில்லுங்கள். கேமரா அமைப்பெல்லாம் அப்புறம்.

களியக்காவிளையில் வேலை முடிந்து பஸ் ஏறினால், திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் இறங்க எட்டு மணி ஆகிவிடும். பத்மதீர்த்தக் கரையில் நின்று பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரத்தை எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். சிற்பம் தெரிய எக்ஸ்போஷரைக் கூட்டினால் விளக்கு விழும் இடம் வெள்ளைத் திட்டு. குறைத்தால் கோபுரமும் வானமும் ஒரே கறுப்பு. ஒரு லீவு நாளில்தான் ஆறரைக்கே போய் நின்றேன். விளக்கு போட்டபோது வானம் இன்னும் கருநீலம். உச்சிக் கலசங்கள் அந்த நீலத்தில் தனித்தனியாகத் தெரிந்தன. குளத்து நீரில் கோபுரம் தலைகீழாகக் கிடந்தது. அன்று எடுத்த படம்தான் இன்றும் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

வானமும் விளக்கும் ஏறக்குறைய சம வெளிச்சத்தில் இருக்கும்போதுதான் கேமரா இரண்டையும் ஒரே படத்தில் தாங்கும். ஐரோப்பிய வீடியோக்களைப் பார்த்தால் அந்த நேரம் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். அங்கே சூரியன் சாய்வாக இறங்குகிறது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 8.5 பாகை வடக்கே. இங்கே ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்கிவிடும். சூரியன் மறைந்து கால் மணி கழித்து ஆரம்பித்தால், அடுத்த 15 நிமிஷத்தில் முடிந்தது. கிழக்குக் கோபுரத்தைப் பார்த்து நின்றால் மேற்கு வானம் கோபுரத்துக்குப் பின்னால் வருவதால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

அதனால் எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே தயார் செய்யுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா ஃபைல். ஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எக்ஸ்போஷரை 2 விநாடியில் தொடங்கி, வானம் மங்க மங்க 4, 8, 15 என்று கூட்டுங்கள். படத்தில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிடுங்கள். 15 விநாடிப் படத்துக்கு இன்னொரு 15 விநாடி அது எடுத்துக்கொள்ளும். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள். காற்றில் அது ஆடினாலே முக்காலியில் நிற்கும் கேமரா அசைந்து படம் கலங்கும். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் 2 விநாடி டைமரில் விடுங்கள்.

திருவனந்தபுரம் ஸ்டாச்சு சந்திப்பில், 1869-இல் கட்டி முடித்த கேரளத் தலைமைச் செயலகத்தை எடுக்கும்போது சாலையும் படத்துக்குள் வரும். 15 விநாடியில் நடந்து போகிறவர்கள் மறைந்துவிடுவார்கள், பஸ்களின் பின்விளக்குகள் மட்டும் சிவப்புக் கோடாக நிற்கும். ஆட்டோ ஒன்று ஹெட்லைட்டோடு நேரே வந்தால் படத்தை நிறுத்தாதீர்கள். கறுப்பு அட்டை போட்ட நோட்டை லென்ஸுக்கு முன்னால், தொடாமல் பிடியுங்கள். ஆட்டோ கடந்ததும் நோட்டை விலக்கிவிடுங்கள். ஏ.சி. பஸ்ஸில் வந்திருந்தால் கால் மணி நேரம் கேமராவைப் பைக்குள்ளேயே வையுங்கள், இல்லையென்றால் லென்ஸில் பனி படரும்.

எட்டு மணிக்குத்தான் போக முடியும் என்றால், வானத்தைப் படத்துக்குள் விடாமல் ஒரு தூண், ஒரு ஜன்னல் என்று நெருங்கி எடுங்கள்.