சக ஊழியர்களின் ஒத்தாசை இருந்தால்தான் தெரிந்ததைச் சொல்லித் தருவார்களா?

ஓர் அலுவலகத்தில் சக ஊழியர்களுக்குள் இருக்கும் ஒத்தாசை, ஒருவர் தமக்குத் தெரிந்த வேலை நுணுக்கங்களை மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் எந்த அளவுக்குச் செல்வாக்குச் செலுத்துகிறது என்பதும், நிர்வாகம் பரிசும் பாராட்டும் கொடுத்தால் அது தானாக நடந்துவிடாதா என்பதும் இங்கே கேட்கப்பட்டிருக்கும் கேள்வி. நான் 2009ஆம் ஆண்டு முதல் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மூன்று அரச அலுவலகங்களில் முகாமைத்துவ உதவியாளராகப் பணியாற்றி வருகிறேன். இடையில் வெளிவாரி மாணவியாக முகாமைத்துவம் கற்றபோது இது பற்றிய சில ஆய்வுகளையும் வாசிக்கக் கிடைத்தது. இரண்டையும் வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒத்தாசையின் பலன் சொல்பவரை விடக் கேட்பவரிடத்திலேயே முதலில் தெரிகிறது. "எனக்கு இது தெரியாது" என்று ஒருவர் பயமும் கூச்சமும் இன்றிச் சொல்லக்கூடிய இடத்தில்தான், தெரிந்தவருக்குச் சொல்வதற்கே ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. எவரும் கேள்வி கேட்காத அலுவலகத்தில் எத்தனை தாராள மனம் படைத்தவரும் எதைப் பகிர்ந்துகொள்வார்?

என் முதல் நியமனம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கிடைத்தது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை, ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகும் நாங்கள் வாவியைப் பாதையில்தான் கடந்தோம். (ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எங்கள் ஊரில் பாதை என்போம்.) அது அக்கரையில் நின்றுவிட்டால் இருபது நிமிடமோ அரை மணித்தியாலமோ துறையில் காத்து நிற்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பில் நான் கற்றுக்கொண்ட அளவுக்கு எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கற்கவில்லை.

அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தவை ஓய்வூதியக் கோவைகள். நியமனக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், சம்பள ஏற்றப் பத்திரங்கள், விடுமுறை விபரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி, சேவைக்காலத்தில் இடைவெளி இல்லை என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வுகளையும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியையும் கண்ட மாவட்டத்தில் இடைவெளி இல்லாத கோவையைக் காண்பது அரிது. ஒரு வேலையாளின் கோவையில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை. யாரிடமும் கேட்கத் துணிவில்லாமல் அதை இரண்டு மாதங்கள் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். அந்த மனிதரோ ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து வாசல் வாங்கில் அமர்ந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் எழுந்து போவார். பெரிய குரலில் ஏசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஒரு நாள் காலை துறையில் நிற்கும்போது, எங்கள் அலுவலகத்தில் மூத்தவரான அக்கா ஒருவர், "என்னகா, முகம் வாடிக் கிடக்கு?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் விடயத்தைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அந்தாள் சிக்கனக் கடன் சங்கத்தில ஏதும் கடன் எடுத்தவரா எண்டு கேட்டுப் பாருகா. எடுத்திருந்தா மாதாமாதம் சம்பளத்தில வெட்டியிருப்பாங்க. எந்தக் கந்தோரால காசு வந்தது எண்டு சங்கத்துப் புத்தகத்தில கிடக்கும். பிறகு அந்தக் கந்தோர்ச் சம்பளப் பட்டியலைத் தேடலாம்" என்றார். அக்கா நினைத்தது போலவே அந்த மனிதர் வீட்டுக்குக் கூரை போடக் கடன் எடுத்திருந்தார். சங்கத்துப் பேரேட்டைப் பிடித்துக்கொண்டு போனபோது பழைய சம்பளப் பட்டியல்களும் கிடைத்தன. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று நான் கண்ட எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

எனினும் அக்கா அன்று சொன்னதில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த வழியன்று. தமது முதல் கோவையை இதேபோல மூன்று மாதங்கள் ஒளித்து வைத்திருந்ததாகவும், அதைத் தேடிய தலைமை எழுதுவினைஞரிடம் அகப்பட்டு அழுததாகவும் அவர் பாதை வந்து சேர்வதற்குள் சொல்லி முடித்தார். அதைக் கேட்ட பிறகு எனக்குள் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்தது. மறுநாளே இன்னும் மூன்று கேள்விகளோடு அவரிடம் போய் நின்றேன். தெரிந்ததைச் சொல்வதோடு தாம் ஒரு காலத்தில் தெரியாமல் இருந்ததையும் மூத்தவர் ஒருவர் சொல்லும்போது, இளையவரின் நாக்கு தானாகவே அசைகிறது. ஒத்தாசை என்பதற்கு நான் கொள்ளும் பொருள் பெரும்பாலும் இதுதான்.

பின்னர் படிக்கும்போது, ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் 1980களில் செரொக்ஸ் நிறுவனத்தின் போட்டோப்பிரதி இயந்திரம் திருத்துவோருடன் திரிந்து செய்த ஆய்வு என் கண்ணில் பட்டது. கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் திருத்தப் பழகியது, சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட அனுபவக் கதைகள் மூலம் என்று அவர் கண்டிருந்தார். வாசித்தவுடன் எனக்கு மண்முனைத் துறைதான் நினைவுக்கு வந்தது. பாலம் வந்தது எங்கள் மக்களுக்குப் பெரும் ஆறுதல். மாரி மழையில் நோயாளியை வைத்துக்கொண்டு பாதைக்காகக் காத்து நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன், அதனால் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆயினும் பாலத்துக்குப் பின்னர் ஒவ்வொருவரும் தத்தமது மோட்டார் சைக்கிளில் தத்தமது நேரத்துக்கு வந்தோம். எங்களுக்குள் இருந்த அன்பு குறையவில்லை, ஆனால் பேச்சுக் குறைந்தது. அந்தப் பேச்சுக்கு வேறோர் இடம் தேவை என்று நான் உட்பட எவருக்கும் அப்போது தோன்றவில்லை.

இரண்டாவது அலுவலகம் நகரத்தில் இருந்தது. ஆட்களும் அதிகம், கணினிகளும் அதிகம். அங்கே ஒப்பந்த ஊழியர்களின் சம்பளம் தயாரிக்கும் முறை முழுவதையும் ஒரே ஒருவர் தமது கொப்பி ஒன்றில் எழுதி, அதை வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார். கேட்டால் "பிறகு பாப்பம் தங்கச்சி" என்பதுதான் பதில். ஒரு முறை அவர் நோய்வாய்ப்பட்டு வைத்தியசாலையில் இருந்தபோது, ஒப்பந்த ஊழியர்களின் சம்பளம் இரண்டு வாரங்கள் பிந்தியது. அந்த நாட்களில் அவர் மீது எனக்கு இருந்த கோபம் கொஞ்சமன்று. ஆனால் அங்கே சில காலம் இருந்து பார்த்த பிறகுதான், அது அவருடைய குணத்தால் வந்த வினையன்று என்று விளங்கியது. அந்த அலுவலகத்தில் பிழை விட்டவரின் பெயர் மாதாந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. அதன் பின் பல நாட்கள் மற்றவர்கள் அவரோடு தேநீர் குடிக்கவும் தயங்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தமக்கு மட்டுமே தெரிந்த வேலையொன்று இருப்பது, இடமாற்றத்துக்கும் அவமானத்துக்கும் எதிராக ஒரு மனிதருக்கு இருக்கும் ஒரே கேடயம். கேடயத்தை இரவல் கொடு என்றால் யார்தான் கொடுப்பார்?

கனடாவைச் சேர்ந்த கத்தரின் கொனெலியும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, அறிவை மறைப்பதை மூன்று வகையாகப் பிரிக்கிறது: பிறகு சொல்வதாகத் தட்டிக் கழிப்பது, தெரியாதவர் போல இருந்துவிடுவது, சொல்ல முடியாமைக்குக் காரணம் காட்டுவது. நான் மேலே சொன்னவர் முதல் வகை. இரண்டாம் வகையில் நானே இருந்திருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்தில் என் பெயர் ஒரு தடவை வாசிக்கப்பட்ட பிறகு, எனக்குத் தெரிந்த சில விடயங்களைக்கூடத் தெரியாதவள் போலவே நடந்துகொண்டேன். சொல்லி, அது பிழைத்துப் போனால் என் தலையில் விடியும் என்ற பயமே காரணம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தை ஏமி எட்மன்சன் அமெரிக்க வைத்தியசாலைகளில் கண்டார். மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை 1990களில் ஆராய்ந்த அவர், நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளிலோ அத்தகைய குழுக்களில்தான் தவறுகள் அதிகமாக இருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் வந்த வேறுபாடன்று அது, தவறுகளை மறைக்காமல் பேசியதால் வந்தது என்று அவர் விளக்கினார். என் இரண்டாவது அலுவலகத்தில் பதிவான தவறுகள் மிகக் குறைவு. லாச்சிகளுக்குள் எத்தனை கிடந்தன என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

மேலதிகாரி இருக்கும்போது சக ஊழியரிடம் ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் பீற்றர் பிளாவ் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. அவர் கவனித்த மத்திய அரசு அலுவலகத்தில், ஐயம் எழுந்தால் மேற்பார்வையாளரிடமே கேட்க வேண்டும் என்பது விதி. உத்தியோகத்தர்களோ தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள், ஏனெனில் அவர்களுடைய திறமையை மதிப்பிட்டு அறிக்கை எழுதுபவரும் அதே மேற்பார்வையாளர்தான். அது மட்டுமன்றி, எல்லோரும் திறமைசாலி ஒருவரையே நாடிப் போகாமல், ஏறத்தாழ ஒரே தரத்தில் உள்ள இருவர் சோடி சேர்ந்து மாறி மாறிக் கேட்டுக்கொள்வதையும் அவர் கண்டார். ஒருபக்கமாகவே வாங்கிக்கொண்டிருந்தால் மனிதருக்குக் கூச்சம் வந்துவிடும்.

இதை என் மூன்றாவது அலுவலகத்தில், கல்முனைப் பக்கத்தில், கண்ணால் கண்டேன். அம்பாறையிலிருந்து வரும் கடிதங்களில் பல சிங்களத்தில் இருக்கும். 2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்களுக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி கட்டாயம் என்பதால் நானும் சோதனையில் சித்தியடைந்தவள்தான். எனினும் கடிதம் கட்டளையிடுகிறதா, விளக்கம் கேட்கிறதா என்ற தொனி எனக்குப் பிடிபடாது. எங்கள் பிரிவில் சம்மாந்துறை நானா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்) சிங்களத்தில் கெட்டிக்காரர். எல்லோருடைய கடிதங்களையும் அவரே வாசித்துச் சொன்னார். ஆறு மாதங்களில் அவருடைய சொந்த வேலை மாலை ஆறு மணி வரை இழுபட்டது. பின்னர் கடிதம் வரும் நேரத்தில் அவரைக் காணவே முடியவில்லை. பரிசு கொடுத்தால் பகிர்வு பெருகுமா என்ற கேள்விக்கு எனது பதில் இந்த நானாதான். அவருக்கு ஆண்டிறுதியில் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவருக்குத் தேவையாக இருந்ததோ அவருடைய வவுச்சர்களில் பாதியை யாராவது எடுத்துச் செய்வது. நாங்கள் இருவர் அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவர் பழையபடி எங்களோடு அமர்ந்து வாசிக்கத் தொடங்கினார். பின்னர் அம்பாறை நகரிலிருந்து ஒரு சிங்கள இளைஞர் எங்கள் பிரிவுக்கு வந்தார். அவர் தமிழ்ச் சோதனைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை நான் திருத்தினேன், என் கடிதங்களின் தொனியை அவர் சொல்லித் தந்தார். இன்றுவரை எங்கள் இருவருக்கும் அதில் ஒருவருக்கொருவர் கடன்பட்ட உணர்வு இல்லை.

உங்கள் அலுவலகத்தில் நீங்கள் மூத்தவராக இருந்தால், கூட்டம் கூட்டி அறிவுரை சொல்வதற்கு முன் ஒரு சிறு காரியத்தைச் செய்து பார்க்கலாம். எங்கள் பிரிவில் நான் ஒரு சீஆர் கொப்பியை (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி) எல்லோரும் நடந்து போகும் இடத்திலுள்ள மேசையில் வைத்தேன். திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொரு கோவைக்கும், என்ன பிழையால் திரும்பியது, எப்படிச் சரிசெய்தோம் என்று அதில் எழுத வேண்டும். மேலதிகாரியிடம் பேசி, அந்தக் கொப்பியைக் கூட்டத்துக்குக் கொண்டுபோவதில்லை என்ற உறுதியையும் முதலில் பெற்றுக்கொண்டேன். முதல் பதினொரு பதிவுகளும் என் கையெழுத்தில், என் சொந்தப் பிழைகள். பன்னிரண்டாவது பதிவு வேறொருவர் கையெழுத்தில் வர மூன்று வாரங்கள் சென்றன. அது நானாவின் கையெழுத்து.