மரக்கழிவுக் கரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அல்சூர் வாசகர்: சில்வர் ஓக் சீவலை டிரம்மில் கரியாக்கினேன். நடுவில் இருந்தவை பழுப்பாகவே நிற்கின்றன. ஏன்?

எத்தனை டிகிரி என்று நீங்கள் எழுதவில்லை. டிரம்மின் சுவர் 500 டிகிரியைக் காட்டியிருக்கலாம். நடுவில் 300 டிகிரியைக்கூட எட்டியிராது. அந்தச் சூட்டில் மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் போய்விடும், ஆனால் மர நாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸ் பெரும்பாலும் 315 முதல் 400 டிகிரிக்குள்தான் சிதையும். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளைச் சீவலின் நடுவே செருகுங்கள்.

ஸ்ரீராமபுரம் வாசகர்: மேலும் மேலும் சூடாக்கினால் மரக்கரி கிராஃபைட் ஆகுமா?

சூட்டினால் மட்டும் ஆகாது. 1951இலேயே ஆங்கில வேதியியலாளர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் கிராஃபைட்டாக மாறும் கரிமங்களையும் மாறாதவற்றையும் பிரித்துக் காட்டிவிட்டார். மரக்கரியிலுள்ள கரிம அணுப் படலங்கள் சூட்டில் வளரும்; ஆனால் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்திருப்பதால் கிராஃபைட்டில் போல ஒழுங்காக அடுக்கிக்கொள்ளா.

பீன்யா வாசகர்: மரத்தூளில் சாம்பல் 1 சதவீதம் என்று படித்தேன். என் கரியில் 19 சதவீதம் வந்திருக்கிறது. பைரோலிசிஸ் (காற்றில்லாமல் சூடாக்கிக் கரியாக்குவது) தாதுக்களை உண்டாக்குகிறதா?

மாதந்தோறும் இதே கேள்வி வருகிறது. சாம்பல் என்பது முழுதும் எரித்தபின் மிஞ்சும் தாது; உலை எந்தத் தாதுவையும் உண்டாக்காது. கரிமம் குறையக் குறைய, இருந்த தாது செறிந்துகொள்கிறது. 100 கிலோ உலர்ந்த மரத்தில் 1 கிலோ தாது இருந்து 30 கிலோ கரி கிடைத்தால், கரியில் சாம்பல் 3 சதவீதத்தை ஒட்டி வரும். பட்டை கலந்திருந்தால் 10, 12 என்று ஏறலாம். 19 என்றால், அறுவை மில்லின் தரையைப் பெருக்கி மூட்டை கட்டிய தூளை, எதையும் அளந்து பார்க்காமல், புத்தகத்து எண்ணை நம்பி உலையில் போட்டிருக்கிறீர்கள் என்றே எண்ணுகிறேன். சாம்பலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுப் பாருங்கள். கரையாமல் அடியில் தங்குவதில் பெரும்பகுதி மணல்தான்.

சாம்பல் எந்தச் சூட்டில் அளக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். மரத்திலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் 500 டிகிரிக்குள் கார்பனேட் ஆகிவிடும். 700 டிகிரியைத் தாண்டினால் கார்பனேட்டும் கரியமிலவாயுவை விட்டுச் சுண்ணாம்பாகும், பொட்டாசியமும் ஆவியாகத் தொடங்கும். ஆகவே ஒரே கரி 550 டிகிரியில் ஓர் எண்ணையும் 750 டிகிரியில் அதைவிடக் குறைந்த எண்ணையும் தரும். சூட்டைக் குறிப்பிடாத ஓர் ஆய்வக அறிக்கையை ஒருமுறை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஜெயநகர் வாசகர்: பெயிண்ட் அடித்த பழைய கதவுகளைச் சேர்க்கலாமா?

கூடாது. பெயிண்டில் ஈயம் இருந்தால் பெரும்பகுதி கரியிலேயே தங்கும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றிப் பதப்படுத்திய மரமானால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையோடு வெளியேறும்.

கே.ஆர்.புரம் வாசகர்: மாடித்தோட்டச் செம்மண்ணுக்கு எந்தக் கரி நல்லது?

செம்மண்ணில் புளிப்பு (அமிலத்தன்மை) இருந்தால் 600 டிகிரிக் கரி பொருந்தும். அதில் காரமும் அதிகம், நுண்துளைகளும் அதிகம். ஆனால் நீங்கள் ஊற்றுவது கடினமான போர்வெல் நீர் என்றால் மண்ணில் ஏற்கெனவே காரம் ஏறியிருக்கலாம். முதலில் மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) அளந்துவிட்டு எழுதுங்கள், கரி வாங்குமிடத்தில் அது எத்தனை டிகிரியில் சுட்டது என்றும் கேட்டு எழுதுங்கள்.