குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்குள் சைக்கிள் ஓடுவது, பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரையான பயணத்துக்குப் போதிய பயிற்சியாகுமா?

தை, மாசி மாதங்களில் ரொறன்ரோவில் வேலைக்குச் சைக்கிளில் போய்வருவதாகவும், பங்குனியில் ஊருக்கு வந்து இலங்கையின் வட முனையிலுள்ள பருத்தித்துறையிலிருந்து தென் முனையான தெய்வேந்திரமுனை வரை ஓடத் திட்டமிட்டிருப்பதாகவும், அந்த நகர ஓட்டமே போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரைவாசிக்குப் போதும். மற்ற அரைவாசியை இங்கே வந்து, யாழ்ப்பாண வெயிலில்தான் பெற்றுக்கொள்ள வேண்டும். இதே நம்பிக்கையோடு இதே வீதியில் புறப்பட்டு, மாங்குளத்துக்குச் சற்று முன்பாகத் தெருவோரத்தில் சரிந்தவன் நான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பதினொரு குளிர்காலங்கள் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருந்தேன்; அவற்றில் எட்டில் வேலைக்குச் சைக்கிளில்தான் போனேன். குளிர்கால ஓட்டத்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். அது எனக்குக் கற்றுத் தந்தவற்றை வேறெங்கும் கற்றிருக்க முடியாது. ஈரமான ட்ராம் தண்டவாளத்தைச் செங்குத்தாகவே கடக்க வேண்டும், நனைந்த றிம்மில் பிரேக் உடனே பிடிக்காது என்பதால் வழக்கத்தைவிட முன்கூட்டியே அழுத்த வேண்டும், பனி உறைந்த வளைவில் ஹாண்டிலை வெட்டித் திருப்பக் கூடாது என்பவையெல்லாம் கையில் ஊறிவிட்டால், பிறகு எந்த வீதியிலும் பதற்றம் வராது. வீட்டைவிட்டுப் புறப்படும்போது சற்றுக் குளிர வேண்டும் என்பதையும் அங்கேதான் அறிந்தேன். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து, அந்த வியர்வையே பின்னர் உடலை நடுங்க வைக்கும்.

வண்டியைப் பேணும் பழக்கம் மட்டும் எனக்குப் புதிதாக இருக்கவில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் வாழ்ந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்ட ஊர் இது. உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காத அந்த நாட்களில் என் தகப்பனார் ஒவ்வொரு மாலையும் பழைய சாரத் துண்டொன்றால் செயினைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும் வரை துடைப்பார். ரொறன்ரோ வீதிகளில் கொட்டும் உப்பு இரண்டு இரவுகளில் செயினைச் செந்நிறமாக்கிவிடுவதைக் கண்டபோது, மாடிக் குடியிருப்பின் நடைபாதையில் குந்தியிருந்து நானும் அதையே செய்தேன். நீங்களும் செய்யுங்கள், அந்த ஐந்து நிமிடம் தூரப் பயணத்தில் ஒவ்வொரு நாளும் தேவைப்படும்.

ஆனால் அந்த எட்டுக் குளிர்காலங்களும் எனக்கு ஒரு தீய பழக்கத்தையும் தந்திருந்தன. குளிரில் தாகம் தெரியாது. பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை செல்சியசில் போத்தல் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு நான் தண்ணீரே கொண்டுபோவதில்லை. பங்குனியில் விமானத்தால் இறங்கி மூன்றாம் நாளே பருத்தித்துறையிலிருந்து புறப்பட்டபோது, முக்கால் லீற்றர் போத்தல் ஒன்றுதான் வண்டியில் இருந்தது. கொடிகாமம், ஆனையிறவு வழியாகக் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள், அதை இரண்டு முறைகூட நிரப்பவில்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பிறகே புறப்பட்டேன். அது இரண்டாவது தவறு. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீண்டும் ஏறினேன். அரை மணி நேரத்தில் கைகளில் மயிர்க்கூச்செறிந்து உடல் குளிர்ந்தது. வெயில் நெருப்பாகக் கொட்டும்போது குளிர்கிறதே, காற்று நன்றாக வீசுகிறது போலும் என்று மகிழ்ந்து இன்னும் வேகமாக மிதித்தேன். ரொறன்ரோவில் குளிர்ந்தால் வேகமாக மிதிப்பதுதான் வழக்கம். இங்கே அது உடல் வெப்பத்தைத் தாங்க முடியாமல் தரும் எச்சரிக்கை என்பது எனக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்த தனியார் பேருந்தொன்று ஒலியெழுப்பியபடி வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தள்ளியபோது, கிரவலில் இறங்கிய வண்டியை என்னால் நிமிர்த்த முடியவில்லை. தேநீர்க் கடை வைத்திருந்த அம்மா ஒருவர் ஓடிவந்து, “தம்பி, உதில படுங்கோ, எழும்பாதேங்கோ” என்று வேப்பமர நிழலில் கிடத்தி, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றி, தேசிக்காயும் உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்கினார். நான் கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. வண்டியைப் பேருந்தில் ஏற்றித் திரும்பி வந்தேன்.

நான் மருத்துவனல்லன், பந்தயம் ஓடுவோர் இதைவிட நுட்பமாகச் சொல்லக்கூடும். எனினும் உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. அந்த நாட்களில் உடல் முன்னதாகவே வியர்க்கத் தொடங்கும், வியர்வையோடு போகும் உப்பும் குறையும். ஆகவே வந்த கையோடு புறப்படாமல் இரண்டு வாரங்கள் யாழ்ப்பாணத்தில் ஓடுங்கள். நான் அடுத்த ஆண்டு அப்படித்தான் செய்தேன். காலை ஐந்து மணிக்குப் பண்ணைப் பாலத்தால் இறங்கி, இரு பக்கமும் கடலும் எதிரே காற்றுமாகப் புங்குடுதீவு வரை போய் வந்தேன். இங்கே ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. அந்த எதிர்க்காற்றுத்தான் நமக்கு மலை. அம்முறை தெய்வேந்திரமுனைக் கலங்கரை விளக்கம் வரை போய்ச் சேர்ந்தேன்.

அந்த இரண்டு வாரங்களில் ஊரார் உங்களைப் பார்த்துக் கதைப்பார்கள். “கனடாவில் இருந்து வந்தும் சைக்கிளோ” என்று என்னைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர், 1995 இடப்பெயர்வில் தம் வீட்டையே சைக்கிளில் கட்டித் தென்மராட்சிக்கு உருட்டிச் சென்றவர்கள். அந்த வண்டி அவர்களுக்கு வறுமையின் அடையாளமாகிவிட்டது எனக்கு இன்றுவரை மனவருத்தமே. அதற்காக நீங்கள் ஓட்டத்தை நிறுத்த வேண்டாம்.

இறுதியாக, உப்பில் ஓடிய செயினையும் பிரேக் கட்டைகளையும் அங்கேயே மாற்றிவிட்டு வண்டியைப் பெட்டியில் கட்டுங்கள். இங்கே 28 அங்குலம் என்று விற்கும் பழைய வகை ரயரின் உள்விட்டம் 635 மில்லிமீற்றர். உங்கள் சில்லு 700சீ வகையென்றால் அதற்கு 622 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள ரயர் வேண்டும், இங்கே விற்பது பொருந்தாது. மேலதிகமாக ஒரு ரயரும் மூன்று ரியூப்களும் கொண்டுவாருங்கள். போத்தல் தாங்கி மூன்று பூட்டுங்கள்.