கிழங்கு சீவும்போது விரல் போனது. "உன் கவனக்குறைவு" என்று முதலாளி கைகழுவ முடியுமா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் என் மனைவி (வயது 40) குச்சிக்கிழங்குத் தோல் சீவும் வேலை பார்த்தார். சீவும் எடைக்குக் கூலி; மாதம் 12,000 ரூபாய் போல வரும். 2025 பொங்கல் முடிந்த வாரம் கத்தி வழுக்கி, கிழங்கைப் பிடித்திருந்த இடது கை ஆள்காட்டி விரலில் ஆழமாக வெட்டிவிட்டது. ஆபரேஷன் செய்தும் விரல் மடங்கவே இல்லை. முதலாளி வைத்தியத்துக்கு 5,000 கொடுத்தார். இப்போது, "கையுறை கொடுத்தோம், கழற்றிவிட்டாள். அவள் மேஸ்திரி ஆள், எங்கள் ரிஜிஸ்டரில் பேரே இல்லை" என்கிறார். இன்னும் 20,000 வாங்கிக்கொண்டு ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மேஸ்திரி, 'வீட்டில் காய் நறுக்கும்போது' என்று சொல்லி எழுத வைத்துவிட்டார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஸ்டாம்ப் பேப்பர். கையெழுத்து வேண்டாம். 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 8-ஆம் பிரிவில் பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கிறது. பெண் தொழிலாளிக்கு மொத்தமாகத் தரும் இழப்பீட்டை முதலாளி நேரில் கையில் கொடுக்க முடியாது. தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதி வாங்கும் ஒப்பந்தத்தையும் 17-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. வைத்தியத்துக்குத் தந்த 5,000-ஐயும் இழப்பீட்டுக் கணக்கில் கழிக்க முடியாது.

சரி, கவனக்குறைவு என்கிற வாதம். இந்தச் சட்டத்தில் அது எடுபடாது. வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நடந்ததா என்பதுதான் கேள்வி. யார் தப்பு என்பதல்ல. குடிபோதை, பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே கழற்றுவது ஆகிய மூன்றுதான் விதிவிலக்கு. மூன்றாவதைத்தான் உங்கள் முதலாளி பிடித்துத் தொங்குகிறார்.

அந்தக் கையுறை எப்படிப்பட்டது என்று மனைவியிடம் கேளுங்கள். சாதாரணப் பருத்தி அல்லது ரப்பர் கையுறை என்றால் அது வெட்டைத் தடுக்காது. வெட்டுத் தாங்கும் கையுறை வேறு. கத்தி பிடிக்கும் கையை விட, கிழங்கைப் பிடிக்கும் கைக்குத்தான் அது முக்கியம். ஈரக் கிழங்கின் பால் பட்டு நனைந்த துணிக் கையுறை பிடியை இன்னும் வழுக்கவே வைக்கும். எடைக்குக் கூலி வாங்குகிறவர் அதைக் கழற்றிவிட்டு வேலை பார்த்ததும், மேஸ்திரி அதைத் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததும் உண்மையானால், 'வேண்டுமென்றே மீறினார்' என்று நிரூபிப்பது முதலாளிக்குக் கஷ்டம். நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான்.

கத்தியைப் பற்றியும் கேளுங்கள். மழுங்கிய கத்திதான் அதிக ஆபத்து. அழுத்திச் சீவ வேண்டியிருப்பதால், தோலில் இறங்காமல் வழுக்கி விரலுக்கு வரும். சாணை பிடித்துக் கொடுத்தது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை? பிடி உடைந்து சைக்கிள் டியூப் சுற்றிய கத்தியா? இழப்பீடு வாங்க இது தேவையில்லை. ஆனால் 'எல்லாப் பாதுகாப்பும் செய்திருந்தோம்' என்று முதலாளி எதிர்வாதம் வைக்கும்போது கைகொடுக்கும். அந்தக் கத்தி இன்னும் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

மேஸ்திரி ஆள் என்பதும் நிற்காது. தோல் சீவாமல் ஜவ்வரிசி இல்லை. அது அந்த ஆலையின் அன்றாட வேலை. அதை ஆலை வளாகத்திலேயே ஒப்பந்தக்காரர் மூலம் செய்தாலும், 12-ஆம் பிரிவின்படி ஆலை முதலாளியே இழப்பீடு தர வேண்டும். பிறகு அவர் மேஸ்திரியிடம் வசூலிப்பது அவர்கள் பாடு.

நிஜமாகவே கவலைப்பட வேண்டியது அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. அதுவே முடிவான சாட்சியம் அல்ல. ஆனால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும். அன்று பக்கத்தில் உட்கார்ந்து சீவியவர்களில் இரண்டு பேராவது சாட்சி சொல்ல வருவார்களா என்று பாருங்கள். அதே ஆலையில் வேலை பார்ப்பவர்கள் தயங்குவார்கள். வேறு இடத்துக்குப் போய்விட்டவர்களைத் தேடுங்கள். கூலி எழுதிய துண்டுச்சீட்டு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, 5,000 வந்த ஜிபே பதிவு எதையும் அழிக்காதீர்கள். வீட்டில் வெட்டிக்கொண்டவருக்கு முதலாளி எதற்குப் பணம் அனுப்பினார்?

மனு போடுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த ஆலைக்கு இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) உண்டா? முதலாளி சொல்வதை நம்பாமல் இஎஸ்ஐ அலுவலகத்திலேயே விசாரியுங்கள். உண்டு என்றால், உங்கள் மனைவிக்காக அவர் பங்குத்தொகை கட்டாமல் இருந்தாலும், ஊனத்துக்கான மாதாந்திரப் பணத்தை இஎஸ்ஐயிடம்தான் கேட்க வேண்டும். 1923 சட்டப்படி தனியாகக் கேட்க முடியாது.

இல்லை என்றால் கணக்கு இப்படி வரும். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத இழப்பு என்பது சட்ட அட்டவணை. விரல் இருந்தும் அறவே பயன்படாமல் நிரந்தரமாகப் போனால் அதுவும் இழந்ததற்குச் சமம். 12,000-ல் 60 சதவீதம் 7,200. வயதை வைத்துச் சட்டம் தரும் பெருக்கும் எண் (காரணி) நாற்பது வயதுக்கு 184.17, பெருக்கினால் 13,26,024. அதில் 14 சதவீதம் 1,85,643 ரூபாய். அவர்கள் நீட்டும் 20,000-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். உரிய காலத்தில் தராததற்கு 12 சதவீத வட்டி உண்டு. நியாயமான காரணமில்லாத தாமதம் என்றால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். வைத்தியச் செலவு தனி, பில் இருந்தால். விரல் கொஞ்சமாவது மடங்கினால் சதவீதத்தை மருத்துவர்தான் மதிப்பிடுவார். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காட்டிச் சான்று வாங்குங்கள்.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. உங்கள் விபத்து அதற்கு முந்தையது என்பதால் பழைய சட்டத்தில் கிடைத்த உரிமை அப்படியே இருக்கிறது. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள், அதாவது 2027 ஜனவரிக்குள், சேலத்தில் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட வேண்டும். கடைசி மாதம் வரை இழுக்காதீர்கள். வக்கீல் செலவுக்குப் பயந்து 20,000-க்கு ஒத்துக்கொள்ளவும் வேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு உங்கள் மனைவியே நேரில் போய் மனு எழுதிக் கொடுக்கட்டும்.