கப்பல்கள் குப்பையைக் கடலில் கொட்டாமல் இருக்கத் துறைமுகங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கட்டண முறையை மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தான். சட்டம் ஏற்கெனவே கடுமையாகத்தான் இருக்கிறது. கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில், குப்பையைப் பற்றிய ஐந்தாம் இணைப்பு 1988 இறுதியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்தே பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் போடக் கூடாது. ஆனால் இறக்கும் குப்பையின் அளவைப் பார்த்துத் துறைமுகம் தனியாகப் பணம் கேட்டால், செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் கப்பல் ராத்திரியில் நடுக்கடலில் என்ன செய்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது?

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த உத்தரவு இதைத்தான் சரியாகப் பிடித்தது. குப்பை இறக்கினாலும் இறக்காவிட்டாலும் கப்பல் ஒரு கட்டணம் கட்டிவிட வேண்டும். சரக்கை இறக்கிய பிறகு கப்பலில் தங்கும் சரக்கு மிச்சத்தைத் தவிர மற்றக் குப்பைக்கு, கப்பலின் சேமிப்புக் கொள்ளளவுக்குள் இருக்கும் வரை, கூடுதல் காசு கிடையாது. காசு போனது போனதுதான், அப்புறம் கடலில் கொட்டி என்ன லாபம்?

அடுத்தது லாரி. கப்பல் ஊழியர்கள் பிளாஸ்டிக், உணவுக் கழிவு, சமையல் எண்ணெய் என்று பிரித்து வைத்து, குப்பைப் பதிவேட்டிலும் வகைவாரியாக எழுதுகிறார்கள். கரையில் ஒரே லாரி வந்து எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப்போனால் அடுத்த முறை யார் மெனக்கெட்டுப் பிரிப்பார்கள்? கன்டெய்னர் கப்பல் சில மணி நேரத்தில் கிளம்பிவிடும், அதனால் முன்கூட்டியே தகவல் வாங்கிக்கொண்டு, கப்பல் கரையணையும் நேரத்திலேயே தனித்தனித் தொட்டிகளோடு லாரி தளத்தில் நிற்க வேண்டும்.