தலைவி இல்லாமல் பெண்கள் குழுவாகச் சேர்ந்து எழுத முடியுமா?

கேள்வி: சிங்கப்பூரில் எட்டுத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து, யாரையும் தலைவியாக்காமல், குழுவின் பெயரில் ஒரு சிறுநூல் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் தலைவி வேண்டாம் என்றால் விதிகள் கூடுதலாக வேண்டும். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது என 1970லேயே வாதிட்டார் அமெரிக்கப் பெண்ணியர் ஜோ ஃப்ரீமன். விதியை எழுதி வைக்காவிட்டால், ஏற்கெனவே தோழிகளாக இருப்பவர்களிடம் அதிகாரம் போய்ச் சேரும். அவர்களை யாரும் கேள்வி கேட்கவும் முடியாது. இன்று அந்த இடம் மூன்று பேர் மட்டும் இருக்கும் தனி வாட்ஸ்அப் குழு.

எழுத்தில்தான் சிக்கல் அதிகம். எட்டுப் பேரும் ஒரே கூகுள் டாக்ஸில் இறங்கினால், அடுத்தவர் வரியை வெட்டக் கூச்சப்பட்டு ஆளுக்கொரு வரி சேர்ப்பார்கள். பிரதி வீங்கும், கூர்மை போய்விடும். எல்லாரும் பேசுங்கள், இருவர் மட்டும் வரைவு எழுதுங்கள். அடுத்த அத்தியாயத்துக்கு வேறு இருவர். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியர் குழுவான கொம்பாஹி ரிவர் கலெக்டிவின் 1977 அறிக்கை குழுவின் பெயரில்தான் நிற்கிறது. வரைவு எழுதியவர்கள் பார்பரா ஸ்மித், பெவர்லி ஸ்மித், டெமிட்டா ஃப்ரேசியர் என்ற மூவர்.

வரைவைக் கூட்டத்தில் வாய்விட்டு வாசியுங்கள். வரும் ஆட்சேபம் சொல் பற்றியதா, தகவல் பற்றியதா, நிலைப்பாடு பற்றியதா என்று ஓரத்தில் குறியுங்கள். சொல்லை வரைந்தவர்களே தீர்க்கட்டும், தகவலைச் சரிபார்த்தால் போதும். நிலைப்பாடு மட்டும் எல்லாரிடமும் வரவேண்டும். அங்கே மூன்று பதில்கள்: ‘சம்மதம்’, ‘உடன்பாடில்லை, ஆனால் தடுக்கமாட்டேன்’, ‘தடுக்கிறேன்’. நடுப்பதில் இல்லாத குழுவில் மௌனம் சம்மதமாகிவிடும். தடுப்பவர் காரணமும் மாற்று வரியும் தரவேண்டும்.

கூட்டத்தை நடத்துவதும் குறிப்பெடுப்பதும் முறை வைத்து மாறட்டும். இல்லையென்றால் குறிப்பு, இடம் பிடிப்பது, தேநீர் எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழும். (பெண்கள் குழுவிலும்தான்!) கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். இல்லப் பணிப்பெண் ஒருவர் உறுப்பினர் என்றால், வார நாள் மாலையில் எடுக்கும் முடிவு அவர் இல்லாமல் எடுத்த முடிவு. அவருடைய ஓய்வு நாளில் கூடுங்கள்.

பத்துப் பேர் ஆகிவிட்டால் சங்கச் சட்டத்தின்கீழ் பதிய வேண்டிவரும்; காகிதத்திலாவது தலைவர், செயலாளர், பொருளாளர் தேவை. அப்போது, புதிதாகச் சேர்பவர் எத்தனை மாதம் கழித்து வாக்களிக்கலாம் என்பதை விதியில் சேருங்கள். 2009 மார்ச்சில் சிங்கப்பூரின் பெண்ணுரிமை அமைப்பான அவேரின் (AWARE) செயற்குழு புது உறுப்பினர்களின் வாக்கால் கைமாறியது. மே 2ஆம் தேதி சன்டெக் மாநாட்டு மையத்தில் 1,414க்கு 761 என்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறிய பிறகே அது மீண்டது.

அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள்: மறுபதிப்புக்கு யார் அனுமதி தருவது, விற்ற வெள்ளி எங்கே போகும், விலகுபவர் தம் பெயரை மட்டும் எடுக்கலாமா, எழுதியதையும் எடுக்கலாமா. கடைசிக் கேள்வியை எல்லாரும் நட்பாக இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.