தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்கு வந்திருக்கிறேன். ஆங்கில வார்த்தைகள் மனதில் நிற்க என்ன செய்வது?

தினமும் 20 வார்த்தை மனப்பாடம் செய்வதாகவும், ஒரே வாரத்தில் பாதி மறந்துபோவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்குப் போனவன். முதல் வருடம் இதையேதான் செய்தேன். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய சின்னப் புத்தகம். இடது பக்கம் ஆங்கில வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம். அதில் ‘கமென்ஸ்’ என்றால் தொடங்கு என்று இருந்தது. ஒரு நாள் வகுப்புக்குத் தாமதமாகிவிட்டது. ஆங்கிலப் பேராசிரியையிடம், “மேடம், தி பஸ் டிட் நாட் கமென்ஸ்” என்றேன். அவர் திட்டவில்லை. வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, “வகுப்பு தொடங்கியது என்று சொல்வோம். பஸ் தொடங்கவில்லை என்று தமிழில் சொல்வாயா?” என்று கேட்டார்.

சொல்ல மாட்டோம். வகுப்பு தொடங்கும், பஸ் கிளம்பும், மழை பிடித்துக்கொள்ளும். மூன்றுமே ஆரம்பம்தான், ஆனால் ஒன்றின் வினை இன்னொன்றுக்கு ஒட்டாது.

பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் வினைமரபு படித்திருப்பீர்கள். பானை வனை, கூடை முடை, சுவர் எழுப்பு, பூக் கொய், பால் பருகு. ஆங்கிலத்திலும் அப்படியே ஒரு மரபு இருக்கிறது, அதைத்தான் அந்தச் சின்னப் புத்தகம் எனக்குச் சொல்லவில்லை. நாம் ‘தப்பு செய்தேன்’ என்பதை அப்படியே மாற்றி ‘டிட் எ மிஸ்டேக்’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே மிஸ்டேக்குக்குத் துணை ‘மேக்’. மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம், அவர்கள் ‘டேக்’ செய்கிறார்கள். சில இடங்களில் இரண்டு மொழியும் ஒன்றாகவே நடக்கும். கனமழை அங்கேயும் ‘ஹெவி ரெயின்’தான். கட்டணத்தையும் செலுத்துகிறோம், கவனத்தையும் செலுத்துகிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் ஃபீஸுக்கும் ‘பே’, அட்டென்ஷனுக்கும் ‘பே’. இதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. இப்படி ஒப்பிட்டுப் பார்த்துக் கற்ற வார்த்தை எதுவும் எனக்கு மறந்ததில்லை.

அதனால் நோட்டில் ஒற்றை வார்த்தையாக எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வந்ததோ அதையும் சேர்த்து, நீங்கள் பார்த்த வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதி அர்த்தத்துக்கு உதவும், எந்தச் சொல் எதோடு சேரும் என்று அறிய அது போதாது. அதற்குக் கற்போருக்கென்றே எழுதப்பட்ட அகராதி வேண்டும். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். தன் மாணவர்கள் தடுமாறும் இடங்களை நேரில் பார்த்தவர். 1942-ல் அங்கே அவர் நண்பர்களோடு சேர்ந்து கொண்டுவந்த அகராதியைத்தான் 1948-ல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. அதன் இன்றைய வடிவத்தை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அர்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, எந்த வார்த்தைகளைக் கற்பது? போட்டித் தேர்வுப் பட்டியலில் இருக்கும் அபூர்வமான சொற்கள் இப்போது வேண்டாம். நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். பல துறைப் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்கள். கல்லூரிப் பாடங்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இதிலிருந்துதான் வருகிறது. (நான் சொன்ன கமென்ஸும் இதில் உண்டு. வார்த்தையில் குற்றமில்லை, நான் சேர்த்த இடம்தான் தவறு.) குடும்பம் என்றேன் அல்லவா, ‘வேரி’ (மாறுபடு) கற்றால் வேரியபிள், வேரியேஷன், வேரியன்ட் எல்லாம் கூடவே வந்துவிடும்.

இங்கே உங்களிடம் ஏற்கெனவே ஒரு சொத்து இருக்கிறது. வேரியபிளை நீங்கள் ‘மாறி’ என்றும், கான்ஸ்டன்ட்டை ‘மாறிலி’ என்றும் படித்தவர். முடுக்கம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். ஆக்சலரேஷன் என்பது அதற்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். உங்கள் பழைய பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பாடத்தைத் தமிழில் ஒரு தடவை படித்துவிட்டு, அதே பாடத்தை ஆங்கில வழிப் புத்தகத்தில் படியுங்கள். அந்தப் புத்தகங்களை அரசே இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. விஷயம் தெரிந்திருப்பதால் வார்த்தை மட்டும்தான் புதிதாக இருக்கும்.

செய்தித்தாளும் அப்படித்தான். எடுத்த எடுப்பில் ஆங்கிலத் தலையங்கம் படிக்கச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். நேற்றிரவு பார்த்த கிரிக்கெட் மேட்ச் பற்றிய செய்தியிலிருந்து ஆரம்பியுங்கள்.

சரி, மறதிக்கு வருவோம். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு முறையைச் சொன்னார். ஒரு அட்டையில் ஒரு வார்த்தை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியை இன்னும் சில நாள் கழித்துத்தான் எடுக்க வேண்டும். தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பி வரும். நான் வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டைகள் செய்தேன், காலி ஸ்வீட் பாக்ஸ்கள்தான் பெட்டிகள். முதல் பெட்டியைத் தினமும் எடுப்பேன், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒரு முறை. அட்டையின் ஒரு பக்கம் வார்த்தைக்குரிய இடத்தைக் காலியாக விட்ட வாக்கியம், பின்பக்கம் அந்த வார்த்தை. தமிழ் அர்த்தத்தை எழுதவில்லை. வாக்கியமே அதைச் சொல்லிவிடும்.

தினம் 20 வேண்டாம், ஐந்து போதும். அந்த ஐந்தில் ஒன்றையாவது அன்றைக்கே எங்காவது பயன்படுத்திவிடுங்கள்: லேப் ரெக்கார்டில், லீவ் லெட்டரில், நண்பனுக்கு அனுப்பும் மெசேஜில். தவறாக வந்தால் அந்த அட்டையிலேயே சரியான வாக்கியத்தைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். என்னுடைய முதல் சிவப்பு அட்டையில், ‘தி பஸ் டிட் நாட் ஸ்டார்ட்’ என்று இருந்தது.